அப்பாவின் குதிகால்

கனடாவில் இருக்கும் அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அழைப்பார். அன்று செவ்வாய்க்கிழமை, விடிய நாலரை மணி. இடியப்பத்துக்கு மாக் குழைத்த கையோடு தொலைபேசியை எடுத்தேன். நெஞ்சு நோவென்று வைத்தியசாலைக்குப் போனவருக்கு இருதய நாடியில் அடைப்பு இருந்ததாம். நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு கம்பிக் குழாயை வைத்து, இப்போது கட்டிலில் சாய்ந்திருந்துதான் கதைப்பதாகச் சொன்னார். அவருக்கு 43 வயது. புகைப்பதில்லை, குடிப்பதில்லை, மெலிந்த தேகம். நான் அழத் தொடங்குவதற்கு முன்னரே என் மகனைப் பற்றிக் கேட்டார். அவருடைய குருதியில், நாடிகளில் படியும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல் கொலஸ்ட்ரோல் மிக அதிகமாக இருக்கிறது, அது பரம்பரையாக வரும் வகை, கூடப்பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள வைத்தியர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

“நீ ஆய்வுகூடத்தில்தானே வேலை செய்கிறாய். பிள்ளைக்கு ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா?”

பார்த்திருக்கவில்லை.

கிளிநொச்சியில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக 14 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். பிள்ளைகளின் குருதி தினமும் என் மேசைக்கு வரும். மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சலுக்குக் குருதிச் சிறுதட்டுகளை எண்ணுவோம். மெலிந்த பிள்ளைகளுக்கு ஈமோகுளோபின் பார்ப்போம். கொழுப்புப் பரிசோதனைக்கான துண்டில் வயது என்ற இடத்தில் 45, 52, 60 என்றுதான் எழுதியிருக்கும். அங்கே 10 என்று எழுதி வந்த துண்டை நான் கண்டதில்லை. அடுத்த சனிக்கிழமை அதை என் கையாலேயே எழுதினேன்.

மகனுக்குத் தரம் ஐந்து. புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு என்பதால் சனிக்கிழமை காலை வகுப்பைத் தவறவிட அவனுக்கே விருப்பமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டினான். குருதியை உறைய விட்டு மையநீக்கியில் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் பிரியும், அதுதான் சீரம். குருதியிலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டு மிகவும் கூடியவர்களுக்கு அந்தச் சீரம் பால் கலந்ததுபோலக் கலங்கியிருக்கும். இயந்திரத்தில் வைப்பதற்கு முன்னரே எங்களுக்குத் தெரிந்துவிடும். எல்.டி.எல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது எவ்வளவு கூடினாலும் சீரம் தெளிவாகவே இருக்கும். மகனுடையது கண்ணாடிபோல இருந்தது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அந்தத் தெளிவை நம்பக்கூடாது என்று பயிலுநர்களுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன்! தாயாக நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

மொத்தக் கொலஸ்ட்ரோல் 281. நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல் 52. ட்ரைகிளிசரைட்டு 75. எல்லாம் ஒரு டெசிலீற்றரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எல்.டி.எல்லை எங்கள் ஆய்வுகூடத்தில் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்திலொரு பங்கையும் கழித்து எடுக்கிறோம். ஃபிரீட்வால்ட் என்ற ஆய்வாளரும் தோழர்களும் 1972இல் வெளியிட்ட சூத்திரம் இது. ட்ரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டாதவரை உதவும். கடுதாசியில் கழித்துப் பார்த்தேன். 214. பிள்ளைகளுக்கு 110க்குக் கீழே இருக்க வேண்டும். 130 வந்தாலே அதிகம். நாலு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 208. தைரொயிட், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சுகமாக இருந்தன. வேறு நோயின் நிழலாகக் கொலஸ்ட்ரோல் ஏறவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று.

இதைக் குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரோல் என்கிறார்கள். உலகக் கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் வரிசைகளில் அந்தக் கணக்குப்படி இருவர் நிற்பார்கள். இதற்கும் உடற்பருமனுக்கும் தொடர்பில்லை. என் மகனுக்கு விலா எலும்பு தெரியும். எடை போதாது என்று பாடசாலைப் பரிசோதனையில் இரண்டு தடவை எழுதிவிட்டிருக்கிறார்கள்.

அவனுக்கு இதை விளங்கப்படுத்த இரணைமடுக் குளத்தைத்தான் துணைக்கு எடுத்தேன். மாரியில் குளம் நிரம்பியதும் வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள். மேலதிக நீர் கனகராயன் ஆற்றின் வழியே போய்விடும், அணைக்கட்டு தப்பும். எங்கள் கல்லீரலின் கலங்களிலும் எல்.டி.எல்லைக் குருதியிலிருந்து உள்ளிழுத்து அகற்றும் கதவுகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. உனக்கும் எனக்கும் மாமாவுக்கும் அந்தக் கதவுகளில் பாதி பிறவியிலிருந்தே வேலை செய்வதில்லை என்றேன். மழை கூடுதலாகப் பெய்யவில்லை, ஆனாலும் குளம் எப்போதும் விளிம்பு வரைக்கும் நிற்கிறது. “ஒரு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது. நாற்பது வருஷம் நின்றால் கட்டு ஊறிப்போகும்தானே?” என்று கேட்டான். கமக்காரனின் பேரன். வேறு எதையும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நாற்பது வருஷக் கணக்கு எப்படித் தெரியவந்தது என்பதை இரவிரவாகத் தேடி வாசித்தேன். கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 300 பேரின் இருதயங்களை வைத்தியர்கள் திறந்து பார்த்து 1953இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இருதய நாடிகளில் நோயின் அடையாளம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வயதானவர்களின் வருத்தம் என்று அதுவரை நினைத்திருந்தது, துப்பாக்கி ஏந்திய இளைஞர்களின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே குடியேறியிருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெகு நேரம் இருந்தேன். எங்கள் மண்ணிலும் அதே வயதில் எத்தனையோ பேர் மடிந்தார்கள். அவர்களின் உடல்களைத் தூக்கி அடக்குவதற்கே ஆளும் நேரமும் இருக்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தின் போகலூசா என்ற சிறிய நகரம். 1970களில் ஜெரால்ட் பெரன்சன் என்ற வைத்தியர் அந்த ஊர்ப் பிள்ளைகளின் குருதியையும் குருதி அழுத்தத்தையும் எடையையும் ஆண்டுக்கணக்கில் அளந்து பதிந்துகொண்டே வந்தார். அவர்களில் சிலர் விபத்துகளிலும் பிற காரணங்களாலும் இளமையிலேயே இறந்துபோனார்கள். அப்படி இறந்த 204 பேரைப் பரிசோதித்து 1998இல் வெளியிட்டபோது, 2 முதல் 15 வயது வரையானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் இருதய நாடிகளில் கொழுப்புக் கோடுகள் இருந்தன. உயிரோடு இருந்த காலத்தில் யாருடைய எண்கள் கூடியிருந்தனவோ அவர்களின் நாடிகளில்தான் கோடுகளும் கூடியிருந்தன. குழந்தைப் பருவத்திலிருந்து சுமார் 38,000 பேரைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வொன்று 2022இல் வந்தது. சிறு வயதில் எடை, அழுத்தம், கொலஸ்ட்ரோல், ட்ரைகிளிசரைட்டு, புகைத்தல் ஆகியவை கூடியிருந்தவர்களுக்கே நடுவயதில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன என்று அதுவும் காட்டுகிறது.

மகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு குழந்தை நல வைத்திய நிபுணரிடம் போனேன். தன்மையான மனிதர். படிவத்தை எடுத்துக் குடும்ப வரலாறு கேட்டார். 55 வயதுக்கு முன்னர் இருதய வருத்தம் வந்த ஆண்கள் யார், 65க்கு முன்னர் வந்த பெண்கள் யார். அண்ணாவைச் சொன்னேன். பாட்டனார் எத்தனை வயதில், எதனால் இறந்தார் என்று கேட்டார். 52 வயதில், மாத்தளனில், ஷெல் விழுந்து என்றேன். அவருடைய பேனா நின்றுவிட்டது. பெரியப்பா? 1990இல் போன இடம் தெரியாது. சித்தப்பா? இரணைப்பாலையில், 34 வயதில். படிவத்தின் அந்தப் பெட்டியில் எழுதக்கூடியதாக என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பெட்டிதான். எந்தப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் பார்ப்பது என்று தீர்மானிக்க உலகெங்கும் வைத்தியர்கள் முதலில் கேட்பது குடும்ப வரலாறு. ஊரில் ஆண்கள் வயதாகிச் சாகும்போது அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். வன்னியில் ஒரு தலைமுறை ஆண்களின் இருதயம் நின்றதற்கு இருதயம் காரணமாக இருக்கவில்லை. தப்பியவர்களில் பலர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வந்த வருத்தம் ஊருக்குச் சொல்லப்படுவதில்லை. ஊரில் இருப்பவர்கள் கவலைப்படுவார்கள், காசு கேட்டதுபோல் ஆகிவிடும் என்று மறைத்துவிடுகிறார்கள். அண்ணாவும் நாலு நாள் மறைத்துத்தான் வைத்திருந்தார். கனடா வைத்தியர் வற்புறுத்தாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டார்.

அமெரிக்கத் தேசிய இருதய, நுரையீரல், குருதி நிறுவகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, குடும்ப வரலாற்றை மட்டும் நம்பினால் குருதிக் கொழுப்புக் கோளாறுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை தவறிப்போவார்கள் என்கிறது. தாத்தா எதனால் இறந்தார் என்று எழுதிவைத்திருக்கும் நாட்டின் கணக்கு அது. எங்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. 9க்கும் 11க்கும் இடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை, 17க்கும் 21க்கும் இடையில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. இடையில் பருவமடையும் ஆண்டுகளில் எல்.டி.எல் தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது பார்த்தால் நோயிருந்தும் இல்லாததுபோலத் தெரியலாம்.

எங்கள் நாட்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருகிறார்கள். உயரம், எடை, பல், கண், தடுப்பூசி எல்லாம் பார்க்கிறார்கள். கொலஸ்ட்ரோலுக்குக் குருதி எடுப்பதில்லை. ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பார்க்கிறார்கள்தான், அவை 35 வயதைத் தாண்டியவர்களுக்கு. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்று எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் மனப்பாடம். அந்தப் பத்து வயதில்தான் இந்த எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டினி கிடந்து வரவும் தேவையில்லை. மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்லைக் கழித்து வருவதைப் பார்த்தால் போதும்; காலையில் புட்டுச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வந்த பிள்ளைக்கும் அந்த எண் பொருந்தும். 120க்குக் கீழே நல்லது, 145க்கு மேலே கவனிக்க வேண்டும். ஒரு துளை, ஒரு குழாய், இரண்டு அளவுகள்.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்காவிலேயே தடுப்பு மருத்துவப் பணிக்குழு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதிக்கச் சொல்வதற்கோ வேண்டாமென்பதற்கோ போதிய சான்று இல்லை என்று 2023இலும் எழுதியிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். நன்றாக விளையாடித் திரியும் ஒரு பிள்ளையை நோயாளி என்று பெயர் சூட்டுவது சிறிய விஷயமல்ல. தங்கச்சியின் மகளுக்கும் கூடுதலாக இருப்பது தெரிந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இதை வெளியில் சொல்லிவிடாதே, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இருதய வருத்தக்காரி என்பார்கள்” என்றாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பயத்தை நான் குறைத்து எடைபோட மாட்டேன், இந்த ஊரில் அது உண்மையான பயம். தங்கச்சியின் மகனுக்கு இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வீட்டில் அது அப்படியே விழுந்தது.

குடும்பவழி நோய் மட்டும்தான் என் மேசையில் தெரிகிறது என்றில்லை. சில மாதங்களுக்கு முன் 16 வயதுப் பையனை அவனுடைய அம்மம்மா கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தது. ட்ரைகிளிசரைட்டு 240 என்று கூடியும் எச்.டி.எல் 31 என்று குறைந்தும் இருந்தன. சீரத்தில் மெல்லிய கலக்கம். இது இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பின் அடையாளம். தெற்காசியர்களில் இந்தச் சோடி அடிக்கடி சேர்ந்தே வரும். எல்.டி.எல் மட்டும் பார்த்திருந்தால் சுகம் என்று அனுப்பியிருப்போம். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து காசு அனுப்புகிறார். அந்தக் காசில் தாயின் அன்பு சோடாவாகவும் றோல்ஸாகவும் இரவுக் கொத்துரொட்டியாகவும் வந்து சேர்கிறது. அம்மம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்தபோது எத்தனை கிலோ என்று கேட்டேன். “முகாமில் பிறந்தவன், பிள்ளை. கொப்பியெல்லாம் எங்கே இருக்கிறது? வயிற்றில் தங்கின நாளிலிருந்து அவள் குடித்தது கஞ்சிதான்” என்றார். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் கொண்ட அந்தக் கஞ்சியை இன்றைக்கும் மே மாதத்தில், போரில் இறந்தவர்களை நினைத்து, சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறோம். அந்தத் தாய் கருவுற்றது 2009இன் தொடக்கத்தில், இறுதிப் போர் நடந்தபோது.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரும் வழிகளை மறித்தது. ஒரு ஆளுக்கான பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே போயிற்று. அந்தப் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். கருவின் முதல் மாதங்களில் பட்டினி பட்டவர்களின் குருதிக் கொழுப்பு மற்றவர்களைவிட மோசமாக இருந்தது, இருதய நோயும் கூடுதலாக இருந்தது. பிறந்தபோது அவர்களின் எடை பெரிதாகக் குறைந்திருக்கவும் இல்லை. இல்லாமையில் வாழ ஆயத்தமான உடம்புக்குப் பிறகு நிறையக் கிடைத்தால் அது தடுமாறுகிறது என்று டேவிட் பாக்கர் என்ற ஆங்கில வைத்தியர் சொன்ன கருத்துக்கு இது பெரிய சான்றாயிற்று. அந்த நகரங்களில் மருத்துவமாதர் எழுதிவைத்த பதிவேடுகள் போருக்குத் தப்பியதால்தான் அந்த ஆய்வு நடந்தது. எங்கள் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகள் பதுங்கு குழிகளிலும் நந்திக்கடல் ஓரத்திலும் கிடந்து மக்கிவிட்டன. அந்த வயதுப் பிள்ளைகள் இப்போது சாதாரணதரமும் உயர்தரமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது தடவை குருதி பார்க்க வேண்டிய வயதும் அவர்களுக்கு இதுதான்.

வேறு சில அளவுகளைப் பற்றியும் உறவினர்கள் கேட்கிறார்கள். லிப்போபுரதம் ஏ என்று, எல்.டி.எல்லைப் போன்ற கொழுப்புத் துணிக்கை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் பரம்பரை, சாப்பாட்டால் பெரிதாக மாறாது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். உலகில் ஐந்தில் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கிறது. மகனுடையதைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம், நல்ல வேளையாகக் குறைவு. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி என்ற புரதம் பற்றிக் கேட்பவர்களுக்குப் பிள்ளைகளில் அதை இருதயத்துக்காகப் பார்க்க வேண்டாம் என்கிறேன். ஒரு தடிமன், ஒரு புண் வந்தாலே அது ஏறிவிடும்.

மகன் இப்போது இரவில் சிறிய அளவில், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறான். பத்து வயதில் மாத்திரையா என்று மாமியார் கலங்கினார். நெதர்லாந்திலேயே இதே நோயுள்ள 214 பிள்ளைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். 39 வயதாகும்போது அவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மாரடைப்பு போன்ற ஏதாவது வந்திருந்தது. மருந்தில்லாத காலத்தில் வளர்ந்த அவர்களுடைய பெற்றோரில், அதே வயதுக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு வந்திருந்தது. இதை மாமியாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இப்போது மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். தேங்காய்ப்பாலைக் குறைத்திருக்கிறோம், குரக்கனும் பயறும் முருங்கையிலையும் கூடியிருக்கின்றன. சாப்பாடு மட்டும் அவனுடைய 214ஐ இறக்காது என்று தெரியும். மூன்று மாதத்தில் 126க்கு வந்திருக்கிறது.

என்னுடைய எல்.டி.எல் 221. அம்மாவையும் விடாமல் கூட்டிவந்து பார்த்தேன். 118. ஆக, இது அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. அது தெரிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பா வயலிலிருந்து வந்து கிணற்றுக் கட்டில் இருந்து சேறு கழுவும்போது நான்தான் வாளியில் தண்ணீர் ஊற்றுவேன். அவருடைய குதிகாலுக்கு மேலே இருக்கும் நார் என் மணிக்கட்டளவு தடித்திருக்கும். கையால் தடவிப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறேன். வரம்பில் நடந்து நடந்து உரமேறின கால், மகள் என்பார். குதிகால் நாரிலும் கைவிரல் மூட்டுகளின் நாரிலும் கொலஸ்ட்ரோல் படிந்து இப்படித் தடிப்பது இந்த நோயின் அடையாளம் என்று நான் படித்த காலத்திலேயே படம் பார்த்திருக்கிறேன். கிணற்றடியை அந்தப் படத்தோடு சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகளில் மண்வெட்டியை ஊன்றி நின்று, வாய்வு பிடித்திருக்கிறது என்று நெஞ்சைத் தடவுவார். அம்மா உள்ளி இடித்துக் கொடுப்பார்.

எங்களிடம் அப்பாவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணா 2005இல் கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோன ஒரே படம்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டேன். சட்டத்திலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார். அப்பா குளக்கட்டில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கிறார். காலில் செருப்பு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். வலது குதிகாலுக்கு மேலே அந்தத் தடிப்பு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த கிளினிக்குக்கு அதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு மகனின் கோவையைத் திறந்து, குடும்ப வரலாறு என்ற பெட்டியில், தாய்வழிப் பாட்டனார் என்று எழுதத் தொடங்கினார்.